மரியாதையான ஏமாற்றம்

அது நல்ல ஆட்டம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் என்மேல் வருத்தப்படக் கூடாது.

கணினியில் அதைத் திறந்தால் ஒரு தெரு வரும். தெருவில் ஒரு நத்தை நிற்கும். முதுகில் ஓடு, ஓட்டின்மேல் தபால் பை. வலப்பக்க அம்பை அழுத்தினால் நத்தை நகரும். நகர்கிறதா என்று சந்தேகமாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் விளக்குக் கம்பம் இடம் மாறியிருக்கும், அப்போது நம்பலாம். முதல் தெருவைக் கடக்க இருபத்திரண்டு நிமிடம். வழியில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் கடிதம் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். குதிக்க முடியாது, சுட முடியாது, எதிரி கிடையாது. இரண்டாம் தெருவில் மழை வரும். வந்தால் நிற்காது. மழையை வரவைக்கக் கற்றுக்கொண்டவர் நிறுத்தக் கற்றுக்கொள்வதற்குள் அலுத்துப்போனார். பின்னணி இசை அவரே வாயை மூடிக்கொண்டு முனகியது. நடுவில் ஒரு தும்மலும் உண்டு.

செய்தவர் பல் கட்டுபவர். பல் வைத்தியர் வேறு, இவர் வேறு. வைத்தியர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் லேபின் பின்னறையில் உட்கார்ந்து பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு செதுக்கி, பல்செட் செய்து திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பேருடைய கடைவாய்ப்பல் அவருக்கு அத்துப்படி. ஒருவருடைய முகமும் தெரியாது. தெருவில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், 'அது நம்ம மேல்வரிசை' என்று நின்றுவிடுவார். போய் என்னவென்று சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்வது? நடந்துவிடுவார்.

அவர் சிறுவனாக இருந்தபோது 'தபால் நத்தை' என்று ஒரு கார்ட்டூன் வந்தது. நத்தை ஒன்று வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும். எல்லாக் கடிதமும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். கல்யாண அழைப்பு குழந்தை பிறந்த பிறகு போகும். மன்னிப்புக் கடிதம், சண்டை எதற்கு என்று இரு தரப்பும் மறந்த பிறகு போகும். இருபத்தாறு பகுதிகள். கடைசிப் பகுதியில் நத்தை ஒரே ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் தனியாக இருக்கும் வீட்டை நோக்கிக் கிளம்பியது. அடுத்த வாரம் அதே நேரத்தில் மிக்சி விளம்பரம் போட்டார்கள். அதற்கடுத்த வாரமும் மிக்சிதான்.

பல் கட்டுபவருக்கு அப்போது எட்டு வயது. அந்தக் கடிதம் என்ன ஆனது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டார். "அதான் முடிஞ்சு போச்சேடா" என்றார்கள். முப்பத்தாறு வயதில், லேபை ஆறரைக்கு மூடிவிட்டு, தானே கற்றுக்கொண்டு, நான்கு வருடம் செலவழித்து அந்த ஆட்டத்தைச் செய்தார். அதன் நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: யாராவது ஒருவர் அந்தக் கடைசி வீடு வரைக்கும் போக வேண்டும். போய்க் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். அவரே போனால் கணக்கில் சேராது. வீடும் அவர் வரைந்தது, கதவும் அவர் வரைந்தது.

முதலில் தூரத்து ஊரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினார். அக்கா நல்லவள். "பசங்க கிட்ட குடுத்தேன்டா, ரொம்ப ரசிச்சாங்க" என்றாள். பின்னாலிருந்து சின்னவன் போனை வாங்கி, "மாமா, இந்த நத்தைக்குத் துப்பாக்கி எப்பக் கிடைக்கும்?" என்று கேட்டான். கிடைக்காது என்று தெரிந்ததும் போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டான்.

ஆகவே அவர் பேரவைக்குப் போனார்.

'தபால் நத்தை ரசிகர் பேரவை'க்குப் பதினோராயிரம் உறுப்பினர்கள். நத்தை பற்றி யார் என்ன செய்தாலும், அது பொம்மையோ பாட்டோ ஆட்டமோ, பேரவையின் சான்று பெற்று, பேரவையின் இணையதளத்தில்தான் வர வேண்டும். வேறெங்காவது போட்டால் பதினோராயிரம் பேரும் புகார் கொடுத்து இறக்கிவிடுவார்கள். அவர்கள் சேர்ந்து செய்த காரியம் இதுவரை அது ஒன்றுதான்.

பேரவை ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. நான்கு மணிக்குக் கூட்டம் என்று கடிதம் வந்திருந்ததால் பல் கட்டுபவர் நான்கு மணிக்குப் போனார். அதுதான் அவர் செய்த முதல் குற்றம். நத்தை எங்கும் நேரத்துக்குப் போனதில்லை என்பதால், பேரவையின் எல்லாக் கூட்டங்களும் விதி மூன்றின்படி நாற்பது நிமிடம் தாமதமாகத் தொடங்கும். தாமதத்தில் கறாரானவர்கள். நாலு முப்பத்தொன்பதுக்கு வந்த ஒருவர் வாசலிலேயே ஒரு நிமிடம் நின்று, அதன் பிறகு நுழைந்தார்.

"யார் நீங்க, இவ்வளவு சீக்கிரம்?" என்றார் செயலாளர்.

"நாலு மணின்னு போட்டிருந்தது சார்."

"போட்டிருந்தா வந்துடறதா? கார்ட்டூன் பார்த்திருக்கீங்களா, இல்லையா?"

எச்சரிக்கை என்று எழுதிக்கொள்ளும்படி மூலையைப் பார்த்துச் சொன்னார். மூலையில் ஒரு சிறிய மேசை. அங்கே ஒரு பெண்மணி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பகலில் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். எந்த வைத்தியரின் கையெழுத்தையும் படித்துவிடுவார் என்பதற்காகப் பேரவை அவரைக் கூட்டக் குறிப்பெழுத அமர்த்தியிருந்தது. எல்லோரும் 'குறிப்பு மேடம்' என்று கூப்பிட்டார்கள். கார்ட்டூனில் ஒரு பகுதியைக் கூட அவர் பார்த்ததில்லை. பார்க்கும்படி யாரும் சொன்னதுமில்லை.

தலைவர் எடை-அளவு அலுவலகத்தில் படிக்கற்களுக்கு முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். எதைப் பார்த்தாலும் கையில் தூக்கிப் பார்ப்பார். பல் கட்டுபவர் விதிப்படி ஆட்டத்தின் வண்ணப் படங்களை மூன்று பிரதிகள் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தார். தலைவர் ஒரு பிரதியைக் கையில் தூக்கிப் பார்த்து, "கனமா இல்லையே" என்றார்.

"காகிதம் சார். ஆட்டம் இதுல இருக்கு," என்று பல் கட்டுபவர் பென்டிரைவை எடுத்தார்.

தலைவர் அதையும் தூக்கிப் பார்த்தார். "இது இன்னும் கனமில்லை."

விசாரணை ஓட்டில் தொடங்கியது. நத்தை ஓட்டின் சுழி வலப்பக்கமா, இடப்பக்கமா என்பது பேரவையை ஒருமுறை இரண்டாக உடைத்த கேள்வி. கார்ட்டூன் வரைந்தவர்களில் யாரோ ஒன்பதாம் பகுதியில் அவசரத்தில் மாற்றி வரைந்துவிட்டார்கள். அதை நம்பியவர்கள் இடஞ்சுழிப் பிரிவு என்று தனியாகப் போய், எதிர்த்தெருவில் தையல் கடை மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் இருபது நிமிடம்தான் தாமதமாகத் தொடங்குவார்களாம். அதைப் பற்றி இங்கே குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

"படம் ரெண்டுல வலஞ்சுழி. படம் அஞ்சுல இடஞ்சுழி," என்றார் செயலாளர். "நீங்க அந்தப் பக்கத்து ஆளா?"

"இல்ல சார். நத்தை இடது பக்கம் திரும்பறப்ப, அதே படத்தைக் கண்ணாடில பார்க்கற மாதிரி புரட்டிப் போட்டுடுவோம். ஆட்டத்துல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. அதனால சுழியும் புரண்டுடுது."

"திரும்பினா கொள்கையே மாறிடும்னு நீங்களே ஒத்துக்கறீங்க."

"படம்தான் சார் மாறுது."

"அப்ப நத்தை ஏன் இடது பக்கம் போகணும்?"

பல் கட்டுபவர் யோசித்தார். "வீட்டைத் தாண்டிப் போயிட்டா திரும்பி வரணுமே சார்."

தலைவர் கையை உயர்த்தினார். "தம்பி, நான் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தினேன். ஒரு கல்லைத் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. போனது போனதுதான். நத்தை வலப்பக்கம் மட்டும் போகட்டும்."

தீர்மானம் பதினாறு நிறைவேறியது. அதன்பின் அந்த ஆட்டத்தில் ஒரு வீட்டை விட்டுவிட்டால் திரும்பிப் போக வழியில்லை. ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். ஏற்கெனவே நல்ல ஆட்டம் இல்லை என்று சொன்னேன். இப்போது பேரவையின் உதவியும் சேர்ந்தது.

அடுத்த மாதம் கடைசி வீட்டை எடுத்துக்கொண்டார்கள்.

"மூலத்துல அந்தக் கடிதம் போய்ச் சேரலை," என்றார் செயலாளர். "உங்க ஆட்டத்துல சேருது. இது திரிபு."

"போய்க்கிட்டே இருக்கறப்ப கார்ட்டூனை நிறுத்திட்டாங்க சார். அது போய்ச் சேரணும்னுதான் கிளம்பிச்சு."

"கிளம்பினதுக்கு ஆதாரம் இருக்கு. சேர்ந்ததுக்கு இருக்கா?"

"இல்ல. அதுக்காகத்தான் நான்…"

"அப்போ கதவைத் திறக்கக் கூடாது."

பல் கட்டுபவர் எழுந்து நின்றார். பொதுவாக அவர் பேசுகிறவர் இல்லை. நாள் முழுக்கப் பிளாஸ்டர் வாய்களோடு இருப்பவர். "நாலு வருஷமா அந்த ஒரு கதவுக்காகத்தான் சார் மத்த தெருவையெல்லாம் வரைஞ்சேன். அதை மட்டும் விட்டுடுங்க. ஓட்டை என்ன வேணா பண்ணுங்க."

கீழே யாரோ மெத்தையைத் தட்டிப் பார்க்கும் ஓசை மட்டும் கேட்டது.

தலைவர் கனிவாகப் பேசினார். "தம்பி, உணர்ச்சி புரியுது. எனக்கும் அந்தக் கடிதம் என்னாச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசைதான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அது போய்ச் சேர்ந்துட்டா, நாம எல்லாம் ஞாயித்துக்கிழமை எங்க போறது?"

இதைக் குழுவில் மற்ற ஆறு பேரும் தலையசைத்து ஆமோதித்தார்கள். நகைச்சுவை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தலைவரும் அப்படிச் சொல்லவில்லை. தீர்மானம் பதினேழு: வீடு இருக்கலாம், கதவு இருக்கலாம், கதவு பூட்டியிருக்க வேண்டும்.

சான்று இல்லாவிட்டால் ஆட்டத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். சான்று கிடைத்தால் பதினோராயிரம் பேரில் ஒருவராவது கதவு வரைக்குமாவது போவார். பல் கட்டுபவர் லேபுக்குப் போய், ஒரே ஒரு வரியை மாற்றிக் கதவைப் பூட்டினார். அதைத் திறக்க வைக்க முன்பு மூன்று வாரம் ஆகியிருந்தது.

பிறகு நிபுணர் பரிசீலனை. குழுவின் ஏழு பேருக்கும் ஏழு பென்டிரைவ், கூட்டக் குறிப்போடு இணைப்பதற்கு எட்டாவதாக ஒன்று. இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, விதிப்படி மூன்றாவது வாரம் கூடினார்கள். அறிக்கைகள் வாசிக்கப்பட்டன.

"ஆட்டம் மிகவும் சுருக்கமாக இருக்கிறது," என்றது முதல் அறிக்கை. "தொடங்கியதும் முடிந்துவிடுகிறது. ஏமாற்றமே."

"இருளில் முடியும் துணிச்சலான படைப்பு. ஆயினும் ஏமாற்றம்."

"நத்தையைக் காணோம். ஆனால் காணாத நத்தையின் நிதானத்தை என்னால் உணர முடிந்தது," என்று எழுதியிருந்தவர் பள்ளியில் இலக்கணம் நடத்துபவர். "இருப்பினும் ஏமாற்றம்."

செயலாளரின் அறிக்கை நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் சுழி. தலைவர் எழுத்தில் தரவில்லை. "தூக்கிப் பார்த்தேன்" என்றார்.

பல் கட்டுபவருக்குத் தலை சுற்றியது. முதல் தெருவுக்கே இருபத்திரண்டு நிமிடம் ஆகும் ஆட்டம் எப்படிச் சுருக்கமாகும்? பென்டிரைவ்களைத் திரும்ப வாங்கினார். யார் எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று ஆட்டம் தானே ஒரு கோப்பில் குறித்துவைக்கும். மடிக்கணினியில் செருகிப் பார்த்தார். மூன்று விநாடி. நான்கு விநாடி. மூன்று. மூன்று. ஆறு (அவர் மூக்குக் கண்ணாடி தேடியிருக்க வேண்டும்). மூன்று. தலைவருடையதில் மூடியே கழற்றப்படவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆட்டத்தைத் திறந்ததும் இரண்டு பொத்தான்கள் வரும். ஆங்கிலத்தில் எழுதாமல் வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவதுபோல எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு, தொடங்குவதற்கு 'வாங்க' என்றும், மூடிவிட்டுப் போவதற்கு 'வரேன்' என்றும் போட்டிருந்தார். கிளம்புகிறவர்கள் அப்படித்தானே சொல்வார்கள்.

"சார், ஒரு நிமிஷம்," என்றார். "நீங்க எல்லாரும் எந்தப் பொத்தானை அழுத்தினீங்க?"

"வரேன்னு இருந்ததே, அதைத்தான்," என்றார் செயலாளர். "ஆட்டத்துக்குள்ள வரேன்னு அர்த்தம்."

"கிளம்பறேன்னு அர்த்தம் சார் அது. போறப்ப வரேன்னு சொல்வோமே. உள்ள போறதுக்கு 'வாங்க'ன்னு ஒண்ணு இருந்திருக்குமே."

"அது கடைப் பொத்தான். காசு குடுத்து வாங்க. அதை எதுக்கு நான் தொடணும்?"

"வாங்கன்னா… உள்ள வாங்க சார். வரவேற்கறது."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இலக்கணம் நடத்துபவர் இரு சொற்களும் இரு பொருளுக்கும் இடம் தருபவையே என்று தீர்ப்பளித்து, அதற்கு உதாரணங்கள் தரத் தொடங்கினார். தலைவர் அவரை நிறுத்தினார்.

"தம்பி, அறிக்கை வாசிச்சாச்சு. மறுபடி பரிசீலிக்க விதியில இடமில்லை. நீங்க ஒண்ணு சொல்லுங்க. அவங்க 'வாங்க'வை அழுத்தி உள்ள போயிருந்தா ஏமாந்திருக்க மாட்டாங்களா?"

பல் கட்டுபவர் பொய் சொல்லத் தெரியாதவர். மழையை நினைத்தார், தும்மலை நினைத்தார், பூட்டிய கதவை நினைத்தார். "ஏமாந்திருப்பாங்க சார்," என்றார்.

"முடிவு சரிதானே அப்ப. வழிதான் கொஞ்சம் சுருக்கம். அதுவும் நல்லதுதான், எல்லாருக்கும் வேலை இருக்கு."

பேரவை மூன்று வகைச் சான்று தரும்: முழுமையான மகிழ்ச்சி, மிதமான மகிழ்ச்சி, மரியாதையான ஏமாற்றம். இவருக்கு மூன்றாவது கிடைத்தது. வழங்கும் விழாவில் தலைவர் அரை மணி நேரம் பேசினார்.

"நான் ஆட்டம் ஆடறவன் இல்லை. கார்ட்டூனையும் பார்த்துப் பதினஞ்சு வருஷமாச்சு. சிலர் கேக்கறாங்க, அப்புறம் எப்படி நீங்க தலைவர்னு. பார்க்கறவனுக்குப் பிடிக்கும், பிடிக்காம போகும். பார்க்காதவன்தான் நடுநிலையா இருக்க முடியும். இந்த ஆட்டத்தால நாங்க ஏமாந்தோம். ஆனா மரியாதையா ஏமாந்தோம். சான்று குடுத்த இந்த நிமிஷத்திலிருந்து இதுல ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. மாத்தினா சான்று ரத்து, உறுப்பினர் பதவி ரத்து, இணையதளத்துல பேரும் இருக்காது. மாறாத ஏமாற்றம்தான் பாரம்பரியம்."

கைதட்டினார்கள். விதிப்படி மெதுவாக.

ஆட்டம் இணையதளத்தில் வந்தது. பதிவிறக்கும் முன் ஒன்பது பக்க ஒப்புதலைப் படித்து, ஓட்டுச் சுழி பற்றிய உறுதிமொழிக்கு ஆமாம் சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் எத்தனை பேர் இறக்கினார்கள் என்று ஓர் எண் இருக்கும். பல் கட்டுபவர் காலையில் லேபைத் திறந்ததும் அதைப் பார்ப்பார். பூஜ்யம். மதியம் டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது பார்ப்பார். பூஜ்யம். ஆறு வாரம் அதே எண். பூஜ்யத்துக்கு நடுவில் ஓட்டை இருப்பது அவருக்கு ஒரு வாய்போலத் தெரிய ஆரம்பித்தது. தொழில்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் லேப் கதவை யாரோ தட்டினார்கள். கொரியர்க்காரர் தட்ட மாட்டார், மணியடிப்பார். பல் கட்டுபவர் கையில் ஒரு கீழ்த்தாடையோடு போய்த் திறந்தார். மருந்துக் கடை மேலங்கியோடு குறிப்பு மேடம் நின்றுகொண்டிருந்தார்.

"விண்ணப்பத்துல விலாசம் இருந்துச்சு," என்றார். "எனக்குச் சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம்தான். உங்ககிட்டச் சண்டை போடணும்."

"என்ன மேடம் ஆச்சு?"

"என்ன ஆச்சா? பதினோரு மணி நேரம் சார். பதினோரு மணி நேரம்."

அவருக்கு விளங்கவில்லை. அந்த அம்மாள் பையிலிருந்து எட்டாவது பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார், இரண்டு மேல்வரிசைகளுக்கு நடுவில். "இணைப்புல என்ன இருக்குன்னு ஒருதடவை பார்த்துட்டுக் கோப்புல வைக்கணும். என் வழக்கம் அது. பார்த்தேன். வாங்கன்னு கூப்பிட்டுச்சு, போனேன்."

பல் கட்டுபவர் தாடையைக் கீழே வைத்தார்.

"முதல்ல நான் நத்தை நகரவே இல்லைன்னு கணினியை மாத்தினேன். அப்புறம் அந்த மழை. எப்ப சார் நிக்கும் அது?"

"நிக்காது மேடம்."

"அது தெரியாம நான் ஒரு மரத்தடியில இருபது நிமிஷம் ஒதுங்கி நின்னேன். மூணாம் தெருவுல பச்சை வீட்டைத் தாண்டிட்டேன், திரும்ப முடியல, முதல்லேர்ந்து வந்தேன். ரெண்டாவது தடவையும் தாண்டிட்டேன். நீங்க தும்மறீங்க. நாலு தடவை திடுக்கிட்டேன். படிக்கட்டுல நத்தை சுவத்துக்குள்ள போயிடுது, வாலு மட்டும் தெரியுது. சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப மோசமா இருக்கு சார்."

"ஆமா மேடம்," என்றார் பல் கட்டுபவர். நான்கு வருடத்தில் அவர் கேட்ட மிக நல்ல வார்த்தைகள் அவை. "சுவத்துக்குள்ள போனா மேல் அம்பை மூணு தடவை அழுத்தணும்."

"கண்டுபிடிச்சேன். எவ்வளவு நேரம் கழிச்சுன்னு கேக்காதீங்க." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அதெல்லாம் போகட்டும். கடைசி வீட்டுக்கு வந்துட்டேன். கடிதம் கையில இருக்கு. கதவு பூட்டு. தட்டறேன், திறக்கல. எந்தப் பொத்தானுக்கும் திறக்கல. யார் சார் பூட்டச் சொன்னது?"

"தீர்மானம் பதினேழு மேடம்."

"அதை நான்தானே எழுதினேன்," என்றார் அந்த அம்மாள். "எழுதறப்ப கதவுன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

அறையில் பிளாஸ்டர் காயும் வாசனை. பல் கட்டுபவர் கணினியைத் திறந்து, ஆட்டத்தின் உள்வரிகளில் போய், பூட்டு என்று எழுதியிருந்த இடத்தில் நின்றார். விரல் மட்டும் அசையவில்லை.

"மாத்தினா என்ன ஆகும்னு தெரியும் இல்ல?" என்றார் குறிப்பு மேடம். "சான்று போயிடும். தளத்துலேர்ந்து எடுத்துடுவாங்க. அந்தப் பதினோராயிரம் பேரும்…"

"அதுல யாரும் இன்னும் வரலை மேடம்."

"வரலாம்."

"வரலாம்," என்று அவரும் சொன்னார்.

"இன்னொண்ணு. நீங்க இப்ப மாத்தினா, என் கண் முன்னாடி மாத்தறீங்க. ஞாயித்துக்கிழமை நான் அதைக் குறிப்புல எழுதுவேன். என் வேலை அது. மறைக்க மாட்டேன்."

"எழுதுங்க. நேரத்தையும் போட்டுக்கோங்க," என்றார் பல் கட்டுபவர். வரியை மாற்றினார். ஒன்று இருபதுக்கு.

முதலிலிருந்து வர வேண்டாம் என்று நத்தையைக் கடைசித் தெருவின் தொடக்கத்திலேயே நிறுத்திக் கொடுத்தார். குறிப்பு மேடம் அங்கிருந்து நகர்த்தினார். பல் கட்டுபவர் பின்னால் நின்றார். அவர் செய்ததை வேறொருவர் கை ஆடுவதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. விளக்குக் கம்பம் ஒன்று இடம் மாறியது. இன்னொன்று. அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு அம்பை அழுத்தியபடியே இருந்தார். சாப்பாட்டு நேரம் ஒன்று ஐம்பதுக்கு முடிந்துவிட்டது. நத்தை அதன் பிறகும் ஒன்பது நிமிடம் நடந்தது.

கதவு திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை. நான்கு சுவரும் ஒரு சாம்பல் தரையும். கடிதம் தரையில் போய் விழுந்தது. ஆட்டம் அதோடு நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் குறிப்பு மேடம்.

"இவ்வளவுதான் மேடம். கதவு திறக்கறதுக்கே மூணு வாரம் ஆச்சு. உள்ள என்ன போடறதுன்னு தோணலை. யாரும் இதுவரைக்கும்…"

"பதினோரு மணி நேரம் மழையில வந்திருக்கேன். ஒரு நாற்காலியாவது போடக் கூடாதா?"

பல் கட்டுபவர் உட்கார்ந்து, பல் செதுக்குகிற அதே நிதானத்தோடு ஒரு நாற்காலி வரைந்தார். அது கொஞ்சம் கடைவாய்ப்பல் போலத்தான் இருந்தது, நான்கு வேரோடு. அறையின் நடுவில் வைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தி.

"இன்னொண்ணு போடுங்க," என்றார் குறிப்பு மேடம்.

"எதுக்கு மேடம்? அந்த வீட்டுல ஒருத்தர்தான்."

"சரி, அவர் உட்காருவார். இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தது எங்க உட்காரும்?"

கடைசிக்கு முந்தைய இருபத்தைந்து பகுதிகளிலும் நத்தை வாசலோடு திரும்பியிருக்கிறது. உள்ளே வந்து உட்கார் என்று ஒருவரும் சொன்னதில்லை. பல் கட்டுபவருக்கும் தோன்றியதில்லை.

"நத்தை எப்படி மேடம் நாற்காலியில உட்காரும்?"

"அது உங்க தலைவலி. வரைங்க."

குறிப்பு மேடம் மருந்துக் கடைக்குப் போன் செய்து, வர நேரமாகும் என்றார். இரண்டாவது நாற்காலிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கால்கள் சரியாகவே வரவில்லை. அந்த அம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இடது கால் குட்டை, இப்போது வலது கால் குட்டை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.